வெள்ளவத்தைப் பேக்கரியில் பாணும் அதன் பெயரும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சிறு பேக்கரி ஒன்றில் மாலை 5 மணிக்கு இறக்கப்படும் அச்சுப் பாண் (அச்சில் சுட்ட ரொட்டி), மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கொண்டு, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலுக்கு மிகப் பொருத்தமாக அமைகிறது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், பலகையில் ‘பாண்’ என்றிருப்பதைக் கண்டு பீடா கேட்டபோது, கடைக்காரர் புன்னகையுடன் ஒரு இறாத்தல் பாணை நீட்டினார்.

மைத்துனர் நினைத்த இந்திப் ‘பான்’, இலை எனப் பொருள்படும் வடமொழிப் ‘பர்ண’த்திலிருந்து வந்தது. நம்முடைய பாணோ, 1505இல் இங்கு வந்திறங்கிய போர்த்துக்கேயரின் ‘பாவ்ங்’ என்ற சொல்லின் வழி வந்தது. அதன் மூலம் லத்தீன் ‘பானிஸ்’. அதே போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றதால் ஜப்பானியரும் ரொட்டியைப் ‘பான்’ என்றே அழைக்கின்றனர். சங்கத் தமிழில் பாண் என்பது பாட்டு. பாணர் என்ற பெயரும் அதனோடு சேர்ந்ததே. (வெற்றிலையைக் குறிக்கும் ‘பீட்டல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் மலையாள ‘வெற்றில’யிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகச் சென்றது என்பது வேடிக்கை.)

சீனிச் சம்பல் (இனிப்பு வெங்காயச் சம்பல்) வைத்த பணிஸ், அதாவது பன், சுமார்தான், இனிப்பு மிகுதி. பாணைச் சுடச்சுடப் பொலித்தீன் பையில் கட்டித் தருவதால் வீடு சேர்வதற்குள் மேற்புறம் நமத்துவிடுகிறது. ஆகவே கடதாசியில் சுற்றித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.