தங்கக் காசு வாங்குறீங்களா? விற்கும் நாளை நினைச்சு வாங்குங்க

பல வருடமாகச் சென்னையில் தங்கக் காசு வாங்கி வருகிறேன், நடுவில் சிலவற்றை விற்றும் இருக்கிறேன். யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் சொல்வது, பணம் கட்டும் முன்பே "இதைத் திருப்பிக் கொண்டுவந்தா எப்படி எடுத்துப்பீங்க?" என்று கடையில் கேட்டுவிடுங்கள் என்பதைத்தான்.

தி.நகர் பெரிய கடைகளில் அவர்கள் விற்ற காசு, பில்லும் கையில் இருக்கிறது என்றால் நகையாக மாற்றுவதில் பெரிய சிக்கல் இருக்காது. பணமாகக் கேட்டால்தான் பிடித்தம் வரும். வேறு கடைக் காசு என்றால் சுத்தம் அளக்கும் காரட் மீட்டரில் வைத்துப் பார்ப்பார்கள், ஒரு கடையில் சீல் பிரிக்காத 24 காரட் காசையே உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வோம் என்றார்கள், நான் கொடுக்காமல் வந்துவிட்டேன். வங்கியில் வாங்கினால் இன்னொரு தொல்லை, வங்கி காசை விற்கும், ஆனால் திரும்ப வாங்காது.

அப்புறம் கணக்கு. 3% ஜிஎஸ்டி கட்டுகிறோம், விற்கும்போது அது திரும்பாது. அதற்கு மேல் செய்கூலி. 1 கிராம், 2 கிராம் காசில் இந்தச் செய்கூலி கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் ரொம்ப அதிகம், அதனால் மாதாமாதம் ஒரு கிராம் வாங்குவதைவிடப் பணத்தைச் சேர்த்து 8 அல்லது 10 கிராமாக எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெண்ணுக்கு நகை செய்யும் எண்ணம் இருந்தால் 22 காரட், 916 காசு போதும். முதலீடு மட்டும்தான் என்றால் 24 காரட், 999 அல்லது 999.9, சீரியல் எண் போட்ட அட்டையில் சீல் வைத்து வரும். அசோகச் சக்கரமும் காந்தியும் பொறித்த இந்தியத் தங்கக் காசு 2015-ல் வந்தது, அதுவும் 999 சுத்தம்தான். எதுவானாலும் அந்த அட்டையைப் பிரிக்காதீர்கள், ஆசைக்குக்கூட.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட், கனடாவின் மேப்பிள் லீஃப் எல்லாம் அழகான காசுகள்தான், ஆனால் இங்கே நகைக்கடையில் கொடுத்தால் எடைக்கும் சுத்தத்துக்கும் மட்டும்தான் விலை. மேலே கொடுத்த பிரீமியம் போச்சு.

சேகரிப்பு என்று வந்தால் எனக்கு பிரிட்டிஷ் சவரன்தான். நம் கடைச் சவரன் 8 கிராம், இது 7.98 கிராம், 22 காரட், அகலம் 22.05 மில்லிமீட்டர். பாக்கெட் தராசும் அகலம் அளக்கும் வெர்னியரும் வைத்துக்கொண்டாலே பாதிப் போலிகள் வடிகட்டிவிடும், மீதிக்கு எழுத்தின் விளிம்பையும் டிராகனைக் குத்தும் வீரரின் முகத்தையும் லென்ஸில் பார்க்க வேண்டும், போலியில் அங்கேதான் மழுங்கலாக இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918 காசு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். குதிரை நிற்கும் தரையில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே பொடியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்த சவரன், அந்தக் காலத்தில் அந்த ஒரு வருட எண்ணோடு மட்டும்தான் அங்கே அடித்தார்கள். சவுகார்பேட்டைப் பக்கம் வியாபாரிகளிடம் விசாரிக்கலாம், ஆனால் அதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

பாட்டி காசுமாலையில் இருந்து கழற்றிய சவரன்கள் நிறைய வரும். வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் கொஞ்சம் இருந்தாலும் சேகரிப்பு விலை போய்விடும், தங்க விலைக்குமேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதேபோல வீட்டில் பழைய காசு இருந்தால் நகையைக் கழுவுகிற மாதிரி பூந்திக்கொட்டை போட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. நுண்ணிய கீறல் விழுந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விற்பனைக்கு, இரண்டு வருடம் தாண்டி வைத்திருந்த தங்கம் என்றால் லாபத்தில் 12.5% வரி, வாங்கிய விலையைக் காட்ட அந்தப் பில்தான் வேண்டும். சில கடைப் பில் நாளாக நாளாக எழுத்தே மங்கிப் போகிறது, வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.