செப்டம்பரில் டிரிப்பிள்-ஏ பேஸ்பால்: டிக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உள்ளூர் அணி ஜெயிப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வாங்காதீர்கள். அந்த ஆசைக்கு மே, ஜூன் மாதங்கள் இருக்கின்றன.

நான் பார்க்கப் போகும் அணியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டாம் படியான டிரிப்பிள்-ஏயைச் சேர்ந்த இன்டர்நேஷனல் லீகில் 20 அணிகள் உண்டு. செப்டம்பர் பிறந்துவிட்டால் அவற்றில் பல இதே கோலத்தில்தான் நிற்கும், ஒன்றை மட்டும் தூற்றுவது நியாயமில்லை.

திருவல்லிக்கேணியில் வளர்ந்து, சென்னை லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிய கை என்னுடையது. அமெரிக்காவுக்கு வந்தபின் அது பேஸ்பாலுக்குத் தாவிவிட்டது. மேஜர் லீக் டிக்கெட் விலை நம் சட்டைப்பைக்கு ஒத்துவராது. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிப்பிள்-ஏ ஆட்டத்தில் 16 டாலருக்கு, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்னால், வலையை ஒட்டி இடம் கிடைக்கிறது. நம் விக்கெட் கீப்பர் போன்ற கேட்சரின் கையுறையில் பந்து அறையும் சத்தம், அம்பயரின் முணுமுணுப்பு, அடிக்கத் தவறிய பேட்டர் தன்னையே திட்டிக்கொள்வது எல்லாம் தெளிவாகக் காதில் விழும். இருக்கைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

ஆட்டத்துக்கு இரண்டுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த அணி ஊர்க்காரர்களுடையது போலத் தெரியும், சட்டையில் ஊர்ப் பெயரும் இருக்கும். ஆட்டக்காரர்களுக்கும் மேனேஜருக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பதும், யார் எங்கே ஆட வேண்டும் என்று தீர்மானிப்பதும் மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வரும்போது நம்முடைய நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வேறு நகரத்துக்குப் போய்விடுவார். செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் அணிகளின் பட்டியல் 26 பேரிலிருந்து 28 ஆகும்போது இன்னும் இருவர் மேலே போவார்கள். பந்து எறியும் இளம் பிட்சர்களுக்கோ இத்தனை இன்னிங்ஸுக்கு மேல் கூடாது என்று மேலிடம் கணக்கு வைத்திருக்கும். நன்றாக எறிந்துகொண்டிருப்பவரை ஒன்பது இன்னிங்ஸில் நாலாவதிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். இந்திய அணி அழைத்துக்கொண்டபின் அஸ்வின் இல்லாமல் ரஞ்சி ஆடிய தமிழ்நாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமைதான் இங்கே, அதுவும் வாரத்துக்கு ஆறு நாள்.

ஆறு நாள் என்பதும் ஒரு தொல்லை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணி. சனிக்கிழமைக்குள் நம் பிட்சர்களின் கைவரிசை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். 150 ஆட்டம் கொண்ட பருவத்தின் கடைசியில் தோளும் ஓய்ந்திருக்கும். போதாததற்குப் பருவத்தை இரண்டு பாதியாக வேறு பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதியிலும் முதலிடம் பெற்ற அணிகள்தான் லீக் இறுதியில் மோதும். இரண்டாம் பாதியில் பின்தங்கிய அணிக்குச் செப்டம்பரில் ஓடிப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

நான் கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் முப்பதைத் தாண்டிய ஒரு பிட்சர் வந்தார். அடுத்தடுத்து மூன்று பேருக்கு வாக் கொடுத்தார், அதாவது நாலு நாலு தவறான பந்து எறிந்து சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பினார். ஒவ்வொரு பந்துக்கும் முன்பு தொப்பியைக் கழற்றி உள்பட்டையைத் துடைத்தார், அடுத்த பந்தை எறியக் கெடு வைக்கும் பிட்ச் கடிகாரம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் அவசரமாக மாட்டிக்கொண்டார். நாலாவது பேட்டரிடம் ஒரு பந்தை அம்பயர் ‘பால்’ என்றார், அதாவது ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளியே போன தவறான பந்து. கேட்சர் உடனே தலைக்கவசத்தைத் தட்டி முறையிட்டார். திரையில் பந்தின் பாதை ஓடியது, கட்டத்தின் ஓரத்தை ஒரு மயிரிழை உரசியிருந்தது. ஸ்ட்ரைக். டிரிப்பிள்-ஏ ஆட்டங்களில் சோதித்துப் பார்த்து, 2026 முதல் மேஜர் லீகுக்கும் கொண்டுபோன ஏற்பாடு இது. அந்த ஒரு ஸ்ட்ரைக்குக்காக நாலு வரிசை மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த பந்து வேலிக்கு வெளியே போனது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் பிட்சர் யாரையும் செலவழிக்க மனமில்லாமல் மாற்றுக் கேட்சரையே எறியச் சொன்னார்கள். மணிக்கு 50 மைலைக்கூடத் தொடாத பந்துகள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு வீரர் சங்கத்தின் 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர் என்று அந்த ஆண்டில் ஆனது. அதற்கு முன்பு 17,500 தான். மேலே அழைக்கப்பட்டவருக்கோ, 2025 கணக்கில் குறைந்தபட்சச் சம்பளமே 7,60,000 டாலர், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,000. செப்டம்பரில் மைதானத்தில் ஓடும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அணி பத்து ரன் பின்தங்கியிருந்தாலும் ஒரு பேட்டர் உயிரைக் கொடுத்து முதல் பேஸுக்கு ஓடுவது அதனால்தான். அணியின் ஆட்டத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்த நான் அந்த ஓட்டத்துக்காகவே மறுபடியும் போகிறேன்.

உடன் வந்த சித்தப்பா கடைசிவரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் வானத்தில் பட்டாசு வெடிக்கவும், “தோற்றவனுக்கு எதற்கப்பா வாணவேடிக்கை?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வழக்கம் என்றேன். “அப்படியென்றால் ஜெயித்தால் என்ன செய்வார்கள்?” என்றார். பதில் இல்லை.

குறைகளும் உண்டு. பாதி அணி போய்விட்ட பிறகும் டிக்கெட் விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. புரோகிராம் புத்தகத்தின் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவர் அந்த அணியை விட்டுப்போய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் பிரெட்ஸலும்தான். வறுவல் ஆறிப்போய்த் தொய்ந்திருந்தது. கார் நிறுத்தத் தனிக் கட்டணம் வேறு.

போகிறவர்கள் செவ்வாய் அல்லது புதன் மாலை போங்கள். கூட்டம் இருக்காது, பணியாளர்களும் இடம் மாறி உட்கார்வதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஞாயிறு மதியம்தான் முடியும் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் இடம் கேளுங்கள், பெரும்பாலான மைதானங்களில் நிழல் முதலில் விழுவது அங்கேதான். ஸ்கோர் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வெற்று அட்டை கொண்டுபோய், அன்றைய ஆட்டக்காரர்களின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபின் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஆறாவது இன்னிங்ஸுக்குள் பாதிப் பெயர்களை அழிக்க வேண்டியிருக்கும்.