ஒப்பந்தப்புள்ளி விலைச் சரிபார்ப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

அரசுக் கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளியைச் சமர்ப்பிக்கும் முன், அதன் விலைப் பட்டியலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு சரிபார்த்துத் தரும் சேவை ஒன்றைச் சிறு நிறுவனங்களுக்காகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இதே பணியைச் செய்வோர் வேறு பலரும் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. யாரிடம் கொடுத்தாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கொள்முதல் அலுவலகம் வெளியிட்ட டெண்டர் ஆவணம், விலைப் பட்டியல், விலை நிர்ணயித்த கணக்குத் தாள்கள் ஆகிய மூன்றையும் அனுப்ப வேண்டும். பரிசோதகர் ஒவ்வொரு வரியிலும் அலகு விலையை அளவால் பெருக்கி, உட்கூட்டுகளைக் கூட்டி, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். இதுவரை உள்ளதில் பெரும்பகுதியை எக்செல் தாளே செய்துவிடும். இதற்காக மட்டும் யாரும் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. கட்டணத்துக்குரிய பகுதி அடுத்துதான் வருகிறது: கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையையும் திருத்தாமல் விட்டால், கொள்முதல் செய்யும் அலுவலகம் அதை எவ்வாறு கையாளும் என்பதை அந்த டெண்டரின் விதியை எடுத்துக்காட்டி அறிக்கையில் எழுதுகிறார்கள்.

இதன் அருமை ஓர் எடுத்துக்காட்டில் விளங்கும். ஒரு பொருளின் அலகு விலை 480, அளவு 250 எனில் வரியின் மொத்தம் 1,20,000 ஆக வேண்டும். தட்டச்சில் இலக்கங்கள் இடம் மாறி 1,02,000 என்று விழுந்துவிட்டது எனக் கொள்வோம். உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணங்களின்படி அலகு விலையே நிலைக்கும். மொத்தம் 1,20,000 ஆகத் திருத்தப்படும். பலரும் இந்த விதியை அறிவார்கள். அதற்குள்ள விலக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள். அலகு விலையில் தசமப் புள்ளி இடம் மாறியிருப்பது வெளிப்படையாகத் தெரிந்தால், வரியின் மொத்தமே நிலைக்கும், அலகு விலை அதற்கேற்பத் திருத்தப்படும். 125 என்று எழுத வேண்டிய இடத்தில் 12.50 என்று எழுதி, 400 அலகுகளுக்கு மொத்தம் 50,000 என்று சரியாகக் குறித்திருந்தால், அந்த 50,000 தான் காப்பாற்றுகிறது. எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண்பாடு இருந்தால் எழுத்தில் உள்ள தொகை மேலோங்கும் என்பதும், அந்த எழுத்துத் தொகையே ஒரு கணக்குப் பிழையிலிருந்து வந்திருந்தால் எண்ணே மேலோங்கும் என்பதும் இதே வரிசையில் வருகின்றன. திருத்தத்தை ஏற்க மறுத்தால் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படும். சில டெண்டர்களில் முன்வைப்புத் தொகையும், அதாவது ஒப்பந்தப்புள்ளியுடன் பிணையாகக் கட்டிய தொகையும், பறிபோகும். ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 2011இல் வெளியிட்ட மாதிரிக் கொள்முதல் சட்டமும் கணக்குப் பிழையைக் கொள்முதல் அமைப்பு திருத்தி, அதை நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது.

கூட்டல் பெருக்கலில் அகப்படாத பிழைகள் இவற்றைவிடக் கொடியவை. ஒரு செலவினமே விடுபட்டுப்போனால், தாளில் உள்ள எல்லாக் கூட்டலும் சரியாகவே இருக்கும். கனடா உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்த்த ரான் எஞ்சினியரிங் வழக்கு இத்தகையதே. 27,48,000 டாலருக்கு விலை கொடுத்த அந்நிறுவனம், ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்பட்ட பிறகு, தன் கணக்கில் 7,50,058 டாலர் விடுபட்டதைக் கூறி விலகிக்கொள்ள விரும்பியது. பிழை நேர்மையாக நேர்ந்தது என்பதில் ஐயம் எழவில்லை. ஆயினும் 1,50,000 டாலர் முன்வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பித்தபோதே, காலக்கெடுவுக்குப் பின் விலக விடாத ஒரு முதல்நிலை ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று நீதிமன்றம் கருதியது. நான் பயன்படுத்தும் சேவை இத்தகைய விடுபடல்களைத் தேடுவதற்காக டெண்டரின் தொழில்நுட்பக் குறிப்பை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு தேவைக்கும் விலைப் பட்டியலில் எந்த வரி பதில் சொல்கிறது என்று கேட்கிறது. பொறியாளரும் கணக்கரும் தனித்தனியே வேலை செய்யும் நிறுவனங்களில் இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்பதில்லை.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது ஒன்றுண்டு. கணக்குத் தாள்களையும் துணை வழங்குநர்களின் விலைக் கடிதங்களையும் தேதியிட்டு, சமர்ப்பித்த பட்டியலுடன் ஒரே கோப்பாகத் திருப்பித் தருகிறார்கள். அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகளின்படி, ஒப்பந்தம் வழங்கப்படும் முன் பிழை என்று கூறி விலையைத் திருத்தக் கோருபவர், பிழை நேர்ந்ததையும், தான் உண்மையில் கொடுக்க எண்ணிய விலையையும் தெளிவான, நம்பத்தகுந்த சான்றுகளால் நிறுவ வேண்டும். அச்சான்றுகளின் பட்டியலில் மூலக் கணக்குத் தாள்களும் துணை ஒப்பந்தக்காரர்களின் விலைக் கடிதங்களும் அடங்கும். திருத்தத்தால் வேறொருவரின் குறைந்த விலை பின்னுக்குத் தள்ளப்படுமானால், பிழையும் எண்ணிய விலையும் பெரும்பாலும் டெண்டர் அழைப்பிலிருந்தும் ஒப்பந்தப்புள்ளியிலிருந்துமே புலப்பட வேண்டும் என்று நிபந்தனை இன்னும் இறுகுகிறது. பிழை தெரிந்த பிறகு திரட்டும் தாள்களை எவரும் எளிதில் நம்புவதில்லை. ஆகவே முன்னதாகத் தேதியிட்டு வைத்த கோப்புக்கு மதிப்பு மிகுதி.

குறைகளும் உண்டு. அறிக்கை ஏறக்குறைய எல்லா டெண்டர்களையும் அலகு விலை டெண்டராகவே கருதுகிறது. முழுப் பணிக்கும் ஒரே விலை பேசும் மொத்தத் தொகை ஒப்பந்தங்களில் பல ஆவணங்கள் கூறுவது நேர்மாறானது: மொத்தத் தொகை மாறாது, உட்பிரிவு விலைகள்தாம் அதற்கேற்பச் சரிசெய்யப்படும். எனக்கு வந்த ஓர் அறிக்கையில் இந்த வேறுபாடு கவனிக்கப்படாமல் முடிவு தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. சுட்டிக்காட்டியபோது திருத்தித் தந்தார்கள் என்றாலும், ஆவணத்தைப் படித்துத் தொடங்கியிருந்தால் அது நேர்ந்திருக்காது. மிகக் குறைந்த விலை என்று ஐயுறத்தக்க வரிகளையும் அவர்கள் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையின் 69ஆம் பிரிவின்படி, இயல்புக்கு மாறாகக் குறைந்த விலைக்கு அரசு அமைப்பு விளக்கம் கோரியாக வேண்டும். அந்த விளக்கத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்க உதவுவது இத்தகைய சேவையின் வேலைதான்.

கட்டணம் விலைப் பட்டியலின் வரி எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே பொருளுக்கான டெண்டருக்கு இது தேவையில்லை. இரு ஊழியர்கள் தாளை மாற்றி வாசித்துக்கொண்டால் போதும். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட கட்டுமானப் பணிக்கும், பல துணை வழங்குநர்களின் விலைகளைச் சேர்த்து ஒரு விலையாக்கும் பணிக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடைசி நாள் மாலையில் அனுப்புவோருக்கு மட்டும் பயன் குறைவு. காலக்கெடுவுக்கு முன் ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெறவும் மாற்றவும் பெரும்பாலான டெண்டர்கள் இடம் தருகின்றன, அந்த இடைவெளியில் அறிக்கை கைக்கு வந்தால்தான் அதில் உள்ளதைச் செயல்படுத்த முடியும்.