கடலோரக் கடைக்கு ஷட்டரா, மடக்கு கேட்டா?

கடை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் முகப்புக்கு ஷட்டர் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறார்கள். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று கடலிலிருந்து தள்ளிக் கடை என்றால் அதில் தப்பே இல்லை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் கடை என்றால் கணக்கு வேறு. அங்கே நாங்கள் போட்டது மடக்கு கேட், அதாவது செங்குத்து இரும்புச் சேனல்களைக் குறுக்குப் பட்டாக்களால் கோத்து, பக்கவாட்டில் மடங்கி ஒதுங்குகிற கேட். பட்டறையில் கொலாப்சிபிள் கேட் என்றால் தெரியும். சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷட்டர் மழையையும் புழுதியையும் தடுக்கும், உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று காட்டாது, ஒரே இழுப்பில் மூடிவிடலாம். கேட்டில் எல்லாம் வெளியே தெரியும், சாரல் உள்ளே வரும், பின்னால் கண்ணாடிக் கதவோ பிளைவுட் கதவோ தனியாகப் போட வேண்டும். இதோடு நிறுத்தினால் ஷட்டர்தான் ஜெயிக்கும். தீர்ப்பை மாற்றுவது உப்புக்காற்று.

ஷட்டர் எப்படித் துருப்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கடல்காற்றும் பனியும் பட்டு ஷட்டர் பட்டைகள் ஈரமாக நிற்கின்றன. அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது ஈரத் துண்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைப்பது போல அப்படியே மேலே சுருட்டி, சுருளை மூடுகிற தகட்டுப் பெட்டியான ஹூட் கவருக்குள் ஏற்றிவிடுகிறோம். அங்கே வெயில் இல்லை, காற்றோட்டம் இல்லை, மழை வந்து கழுவவும் வழியில்லை. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பகல் முழுக்கப் பட்டைகள் நசநசவென்றே கிடக்கும். ஆனி ஆடியில் கடல் கொந்தளித்துக் காற்று கரைக்கு அடிக்கிற மாதங்களில் இது தினசரி நடக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று உண்டு. பட்டையும் பட்டையும் கோத்துக்கொள்கிற சுருட்டு மடிப்பு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் முதலில் போவது துருவைத் தடுக்கிற துத்தநாகப் பூச்சு. சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு (ஜிஐ) என்றால் அது இரண்டு பக்கமும் சேர்த்த எடை, ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான் வரும். 120 கிராம் தகட்டில் அதில் பாதிகூட இல்லை. ஷட்டரை மூடி வைத்து ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் முகத்தில் மட்டும் பிடிக்கும், மடிப்புக்குள் போகாது. அதனால்தான் வெளியே பளபளப்பாக இருக்கிற ஷட்டரில்கூட மடிப்புக் கோடுகளில் பழுப்பு நீர் வடிகிறது.

துரு வரும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அடிப்பட்டை, அதை ஒட்டிய மூன்று நான்கு பட்டைகள், பிறகு ஷட்டரின் ஓரம் ஓடுகிற பக்கத் தடமான கைடு சேனலின் கீழ் ஒரு அடி. மணவாளக்குறிச்சி மாதிரி மணல் பறக்கிற ஊரில் அந்தச் சேனலுக்குள் மணலும் உப்பும் சேர்ந்து கட்டியாகிவிடும். அடுத்து மேலே குழாய்க்குள் இருக்கிற ஸ்பிரிங். அது இறுக்கத்திலேயே இருக்கிற எஃகு, மேற்பரப்பில் துரு குழி விழுந்தால் அந்தக் குழியிலிருந்து விரிசல் ஓடி ஒருநாள் முறியும். எட்டுக்கு எட்டு அடி ஷட்டரின் திரை மட்டும் ஏறக்குறைய 60 கிலோ வரும். ஸ்பிரிங் போனால் அந்த எடை முழுவதும் தூக்குகிறவர் கையில். முறிந்த ஸ்பிரிங்கைக் கடைக்காரரே கழற்றிப் பார்க்கக் கூடாது, மிச்சமுள்ள ஸ்பிரிங்குகளின் முறுக்கு குழாயைச் சட்டென்று சுழற்றிவிடும். ஷட்டர் வேலை தெரிந்தவர் வந்து குழாயைப் பூட்டிப் பிடித்துக்கொண்டுதான் தொட வேண்டும். உள்ளூர் வெல்டர் எல்லோரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள்.

இதைப் பராமரிப்புத் தொல்லை என்று மட்டும் நினைத்தால் விஷயத்தின் பாதிதான் பிடிபடும். ஷட்டரின் பாதுகாப்பு இரண்டு ஓரத் தாழ்களிலும் நடுப்பூட்டிலும் இருக்கிறது. கடலோரத்தில் ஒரு பக்கத் தாழ் இறுகிக்கொண்டதும் கடைக்காரர் அதை விட்டுவிடுகிறார், “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று. பிறகு மறுபக்கத் தாழ் மட்டும். பூட்டாத பக்கத்தின் அடியில் கம்பி விட்டு நெம்பினால் துருப்பிடித்த அடிப்பட்டை வளைந்து கொடுக்கும். ஓரம் இரண்டும் பூட்டியிருந்து நடுப்பூட்டு இல்லாவிட்டாலும் இதே கதைதான், அகலமான ஷட்டரில் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆள் நுழைய இடம் கிடைக்கும். உள்ளே போனவன் ஷட்டரை இறக்கிவிட்டால் விடியும்வரை யாருக்கும் தெரியாது.

மடக்கு கேட் இந்த இடத்தில்தான் முந்துகிறது. அது எதற்குள்ளும் சுருண்டு போவதில்லை. திறந்தாலும் மூடினாலும் காற்றிலும் வெயிலிலும் நிற்கிறது, காய்கிறது. ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். துரு எங்கே தொடங்கினாலும் கண்ணில் படும், அந்த ஒரு சேனலை மட்டும் ரிவிட் வெட்டி மாற்றலாம், தெருமுனைப் பட்டறைக்காரரே செய்வார். உள்ளே ஒரு விளக்கை எரியவிட்டால் கடை முழுக்க வெளியே தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு வெகு முன்பே நடமாடுகிற ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பட்டறையில் வழக்கமாகச் செய்து தருகிற கேட்டை அப்படியே வாங்கினால் ஷட்டரைவிட மோசமாகவும் முடியலாம். வழக்கமான அளவு இதுதான்: செங்குத்துச் சேனல் 20க்கு 10, கனம் 2 மி.மீ.; குறுக்கே மடங்குகிற பட்டா 20க்கு 5; உருளை ஓடுகிற தடமாக மேலும் கீழும் 40க்கு 40க்கு 6 டி இரும்பு; உருளை 40 மி.மீ. விலையைக் குறைக்கச் சேனலில்தான் முதலில் கை வைப்பார்கள். வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். கீழே டி இரும்புக்குப் பதில் தரையில் யு சேனலைப் புதைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாசல் சமமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் குழியில் மணலும் தண்ணீரும் தேங்கி உருளை ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும். டி இரும்பு ஆட்களின் காலில் தட்டும் என்றால் இருபுறமும் சிமெண்டைச் சரிவாகப் பூசி, தண்ணீர் வெளியே போக இரண்டு மூன்று இடத்தில் வழி விடுங்கள்.

பூச்சுதான் மற்றதெல்லாவற்றையும்விட முக்கியம். “ரெட் ஆக்சைடு அடிச்சா போதும் அண்ணாச்சி” என்பார்கள். உள்நாட்டில் போதும். கடலோரத்தில், அதுவும் புது இரும்பின் கருநீலச் செதிலை உரிக்காமல் அதன்மேல் அடித்தால், செதிலோடு சேர்ந்து பெயிண்டும் உரிந்து விழும். நல்ல வழி, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. அதில் 60 மைக்ரானுக்கு மேல் ஏறும். மாட்டிய கேட்டை மொத்தமாக முக்கக் கூடாது, மூட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சேனல், பட்டா எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு, ஓட்டையை ஒரு மி.மீ. பெரிதாக விட்டு, தனித்தனியாக முக்கியெடுத்துப் பிறகு ரிவிட் அடிக்க வேண்டும். முக்குவதற்கு வசதி இல்லை என்றால் செதில் போகத் தேய்த்து, ரிவிட் அடிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் எபாக்சி சிங்க் பிரைமர் இரண்டு கை, மாட்டியபின் எபாக்சி ஒரு கை, மேலே பியு (பாலியூரிதேன்) பெயிண்ட். மூட்டுக்குள் பெயிண்ட் போக மாட்டேன் என்கிற ஷட்டர் தொல்லை இங்கேயும் உண்டு, அதனால்தான் ரிவிட்டுக்கு முன் என்று அழுத்திச் சொல்கிறேன். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அங்கே மறுபடி சிங்க் பெயிண்ட் தொட வேண்டும்.

முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யலாமே என்றால், எந்த ஸ்டீல் என்பதைப் பொறுத்தது. பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 கடலோரத்தில் சீக்கிரம் பழுப்பாகும். 304 கொஞ்சம் தாங்கும், கழுவாவிட்டால் டீக்கறை போல் படியும். மாலிப்டினம் கலந்த 316தான் உப்புக்கு ஏற்றது, விலையும் அதற்கேற்ப. காந்தம் வைத்துப் பார்த்து இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது, பில்லில் கிரேடு எழுதி வாங்குவதே வழி. அலுமினியப் பட்டை ஷட்டரும் விற்கிறார்கள். துருப்பிடிக்காது என்பது சரி, ஆனால் கடலோரத்தில் அதை நீண்ட காலம் புழங்கிய அனுபவம் எங்களுக்கு இல்லாததால் ஆதரித்தோ எதிர்த்தோ அடித்துப் பேச மாட்டேன்.

கேட்டின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. சேனல்களுக்கு நடுவே கை நுழையும், பூட்டை உள்பக்கம் போட்டாலும் எட்டும். அதனால் கொண்டியைச் சுற்றி 3 மி.மீ. தகட்டில் ஒரு பெட்டி வெல்ட் செய்து, சாவி நுழைய மட்டும் அடியில் இடம் விடுங்கள். பூட்டு ஒன்று போதாது, இடுப்பு உயரத்தில் ஒன்று, தரையிலிருந்து ஒரு அடியில் ஒன்று. நடுவில் மட்டும் பூட்டினால் கீழ்ப்பகுதியை விலக்கலாம். மெல்லிய சேனலை ஜாக்கி வைத்து அகற்றுவதுதான் பெரிய பயம். அதற்கு ராத்திரியில் உள்பக்கமாக 16 மி.மீ. குறுக்குக் கம்பி இரண்டு, சுவர்க் கொக்கிகளில் மாட்டுகிற மாதிரி. அந்தக் காலத்துக் கடைகளில் எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகி, குறுக்கே ஒரு இரும்புப் பட்டா போட்டுப் பூட்டியதும் இதே யோசனைதான். குச்சி விட்டு எட்டுகிற தூரத்தில் சரக்கு வைக்காதீர்கள், மூன்று நான்கு அடி உள்ளே தள்ளுங்கள்.

சுவரில் பிடிக்கிற இடம் பலர் கவனிக்காதது. ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கர் போல்ட் நிற்காது, நெம்பினால் பிளாக்கின் ஓடு உடைந்து போல்ட்டோடு வரும். பிடிப்பு வருகிற நான்கு இடங்களிலும் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பிவிடுங்கள். கட்டி முடித்த சுவர் என்றால் உடைத்து நிரப்ப வேண்டும், வேறு வழியில்லை.

பூட்டு பித்தளை உடம்பாக இருக்கட்டும், வளையம் 10 மி.மீ.க்குக் குறையாமல். கொண்டி 6 மி.மீ. பட்டாவில். பெரிய பூட்டை மெல்லிய கொண்டியில் தொங்கவிட்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணலோடு சேர்ந்து பிசுக்காகி சாவி திரும்பாது. கிராஃபைட் தூள் போதும்.

கழுவுவதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் இருமுறை. கடலோர போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பது மேல். குழாயில் வருகிற குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் ஷட்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. ஜவுளி, மருந்து, செல்போன் கடைகளில் சாரலும் புழுதியும் தாங்காது. அவர்கள் 275 கிராம் பூச்சுத் தகடு, 0.9 மி.மீ.க்குக் குறையாத கனம் என்று கேட்டு வாங்கலாம். 22 கேஜ் என்றால் 0.7தான், அது வேண்டாம். முகப்பு 8 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது பத்துக்குப் பத்து அடி என்றாலே, பால் பேரிங் போடச் சொல்லுங்கள். நடுப்பூட்டுக்குத் தரையில் கொண்டி பதிக்காமல் வேலையை வாங்கிக்கொள்ளாதீர்கள். வாரம் ஒருநாள் காலையில் பாதி இறக்கி வெயிலில் காயவிட்டால் மேலே சொன்ன கெடுதல் கொஞ்சமாவது குறையும். மோட்டார் ஷட்டர் என்றால் கையால் இயக்குகிற சங்கிலி கட்டாயம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை.

கடைக்குப் பின்னாலோ மாடியிலோ குடியிருப்பவர்கள், கேட்டானாலும் ஷட்டரானாலும், உள்ளிருந்து திறக்கிற சாவி ஒன்றை வாசல் அருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில் மாட்டி வையுங்கள். குறுக்குக் கம்பியையும் இருட்டில் ஒரே கையால் கழற்ற முடிகிறதா என்று பட்டறைக்காரர் நிற்கும்போதே சோதித்துவிட்டுப் பாக்கியைக் கொடுங்கள்.