பெரியாற்றுச் சேற்றை அள்ள வந்த தேவாலயக் குழு: வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு மதிப்பீடு

2018 ஆகஸ்ட் 15 அன்று முல்லைப்பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரான வண்டிப்பெரியாற்றில் ஆற்றை ஒட்டிய வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தபோது, எங்கள் பலசரக்குக் கடையும் அதன் பின்கட்டில் இருந்த வீடும் இடுப்பளவு மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு எங்களுக்குக் கை கொடுத்தவர்கள், மேட்டில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் தொண்டர்கள். விளம்பரம் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் நனைந்த பீரோவின் சாவியைக் கையில் கொடுத்து அந்நியர் பத்துப் பேரை வீட்டுக்குள் விடும்போது, கூலிக்கு வந்தவர்களைப் பார்க்கும் அதே கண்ணால்தான் அவர்களையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்கள் சனிக்கிழமை, 18ஆம் தேதி காலையில் வந்தார்கள். மண்வெட்டி, இரும்புச் சட்டி, தார்ப்பாய் ஆகியவற்றோடு, ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பு ஒன்றையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள். குழுவை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி; எல்லோரும் அவரைச் சேச்சி (அக்கா) என்றுதான் அழைத்தார்கள். மருந்தடித்த பம்பிலிருந்து வரும் தண்ணீரை அடுக்களையில் அடிக்கலாமா என்று என் அம்மா கேட்டதற்கு, சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவியதாகச் சொன்னதோடு நில்லாமல், அடுக்களையை மட்டும் வாளித் தண்ணீரால் கழுவும்படி இளைஞர்களிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான்.

வேலையில் இறங்குவதற்கு முன் அவர்கள் கடைப்பிடித்த வரிசையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முந்தின நாள் ஆர்வத்தோடு வந்த வேறு சிலர் இந்த வரிசை தெரியாமல்தான் அடுத்த வீட்டில் பாதிச் சாமானைக் குப்பையில் கொட்டினார்கள். முதலில் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து ஃபியூஸைப் பிடுங்கி வைத்தார்கள். அடுத்து, கட்டிலுக்கு அடியிலும் மூட்டைகளுக்குப் பின்னாலும் நீண்ட கம்பால் தட்டிப் பாம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள். பிறகு முற்றத்தில் தார்ப்பாயை விரித்து, வீட்டுக்குள்ளிருந்து வந்த ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து, அம்மா தலையசைக்கும் வரை எதையும் தூக்கி எறியவில்லை. அவரை 'அம்மச்சி' என்று அழைத்து, 'இது வேணுமா, வேண்டாவா' என்று அரைத் தமிழில் கேட்டுக் கேட்டுப் பிரித்தார்கள். ஊறிப் பருத்து நாறத் தொடங்கியிருந்த அரிசி மூட்டைகளைப் பற்றி யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்தத் தார்ப்பாயில்தான் எங்கள் பற்று நோட்டும் கிடந்தது. எஸ்டேட் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருக்கும் குடும்பங்கள் சம்பள நாள் வரை வாங்கும் கடனெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. நான் அதை வெயிலில் விரிக்கப் போனபோது, வெயிலில் வைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று சேச்சி தடுத்து, இரண்டு இரண்டு தாள்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி, தேவாலய மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே வைத்துச் செய்தித்தாளை மாற்றி மாற்றி நான்கு நாட்களில் உலர்த்திக் கொடுத்தார். பாதிக்கு மேல் வாசிக்க முடிந்தது. ரேஷன் அட்டையும் என் பள்ளிச் சான்றிதழ்களும் அதே முறையில் தப்பின. இந்த ஒரு வேலைக்காகவே அவர்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

கிணற்று வேலையும் சுத்தமாக நடந்தது. விட்டத்தையும் நீர் ஆழத்தையும் அளந்து, 1000 லிட்டருக்கு 5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கணக்கிட்டு, அதை வாளியில் குழைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கினார்கள். எலிக்காய்ச்சல் அச்சம் கேரளம் முழுவதும் பரவியிருந்த நாட்கள் அவை என்பதால், சேற்றில் நிற்கும் தொண்டர்கள் சுகாதாரத் துறை சொன்னபடி வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் கவனித்தேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வழித்தெடுத்த சேற்றை எங்கே கொட்டுவது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. வாசலை ஒட்டிய ஓடையின் மேலேயே குவித்துவிட்டுப் போனதால், அடுத்து பெய்த ஒரு சாதாரண மழையில் ஓடை அடைத்துக்கொண்டு, வெளியே அள்ளியதில் கொஞ்சம் மறுபடியும் வாசலேறியது. பம்பின் வேகத்தைக் குறைக்காமல் அடித்ததில், பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்த பின்சுவரில் ஒரு பாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்தது.

உதவியின் பெயரில் மதம் பரப்பினார்களா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முருகன் படம் இருந்தது. அதன் சேற்றைத் துடைத்து முதலில் மாடத்தில் வைத்தவன் அந்தக் குழுவின் ஒரு பையன்தான். வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டார்கள், அம்மா சரியென்றார், ஜெபித்தார்கள். துண்டுப் பிரசுரம் எதுவும் வரவில்லை.

பெரும்பாலான உதவிக் குழுக்கள் முதல் வாரத்தோடு நின்றுவிடும் நிலையில், இவர்கள் திருவோண நாளான 25ஆம் தேதியும் வந்தார்கள், அதன் பிறகும் இரண்டு சனிக்கிழமைகள் வந்தார்கள். கடைசி இரண்டு வருகைகளில் மண்வெட்டிக்கு வேலையில்லை. வெள்ளம் புகுந்த குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 10,000 ரூபாய் உடனடி உதவி சிலருக்கு வராதிருந்ததால், தமிழ் மட்டுமே எழுதத் தெரிந்த எங்கள் வரிசை வீட்டாருக்கு மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்து, வங்கிப் புத்தக எண்களைச் சரிபார்த்தார்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்கள் என்பதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி சுவருக்கு, பாதி ஓடைக்கு. ஓடையைப் பற்றி இரண்டாம் முறை வந்தபோது சொன்னேன்; சேச்சி மறுக்கவில்லை, மூன்று பையன்களை நிறுத்தி மதியத்துக்குள் தோண்டிவிட்டார். இப்படிப்பட்ட குழுவை வீட்டுக்கு அழைப்பவர்கள், சேறு கொட்டும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சுவர் பழையதாக இருந்தால் பம்பைத் தொட விடாதீர்கள்.