'க்ளீன் பண்ணியாச்சு' என்றதை நம்பி 63,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

போனில் புகுந்த ஸ்பைவேரால் (உளவு பார்க்கும் ஆப்) முந்தாநாள் ராத்திரி என் வங்கிக் கணக்கிலிருந்து 63,500 ரூபாய் போய்விட்டது. கார் நெல் விற்ற பணம். பிசான நடவுக்கூலிக்கும் உரத்துக்கும் என்று தொடாமல் வைத்திருந்தேன். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் ஒரு கல்யாணப் பத்திரிகை. சொந்தக்காரர் ஒருவரின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. ஐப்பசி முகூர்த்த நேரம், தினமும் நாலு பத்திரிகை வருகிறது, இதையும் தொட்டேன். படமாகத் திறக்காமல் 'இன்ஸ்டால்' கேட்டது. அடுத்து மெசேஜ் படிக்க அனுமதி, அதற்கடுத்து 'ஆக்சஸிபிலிட்டி' என்று ஏதோ. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டினேன். என்னை நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று, நீங்கள் வேறு திட்ட வேண்டாம். பத்திரிகை கடைசிவரை திறக்கவே இல்லை. அவருக்குப் போன் போட்டால், "நான் எங்கே அனுப்பினேன், என் வாட்ஸ்அப்பையே எவனோ பிடிச்சிருக்கான்" என்கிறார்.

அதுவரை ஒரு ரூபாய் போகவில்லை. சந்தேகம் வந்ததும் நெட்டை அணைத்துவிட்டு, பேங்க் ஆப் பக்கமே போகாமல், மறுநாள் காலையில் சேரன்மகாதேவியில் பஸ் ஏறி திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைப் பெயரைப் போடவில்லை, எனக்கு வேறு வம்பு வேண்டாம்.

"பயப்படாதிய அண்ணாச்சி, இது மாதிரி தினமும் பத்து பாக்கோம்" என்றான் அந்தப் பையன். பிள்ளையார் படம் போட்ட அந்த ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மேலே இழுத்து விட்டான். மறைந்துவிட்டது. அப்புறம் வேறு ஏதோ ஒன்றை ஓடவிட்டான். திரையில் ராக்கெட் ஒன்று பறந்து 100 என்று காட்டியது. "ஸ்பைவேர் எல்லாம் க்ளீன் பண்ணியாச்சு." ஐநூறு ரூபாய். பில் கிடையாது.

"பேங்க் ஆப் திறக்கலாமா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டேன். "தாராளமா திறங்க" என்றான். அவன் மேஜை முன்னாலேயே நின்று பின் நம்பரைப் போட்டு பேலன்ஸ் பார்த்தேன். பணம் போனது ராத்திரி என்றாலும், பறிகொடுத்தது அந்த இடத்தில்தான்.

25,000, மறுபடி 25,000, அப்புறம் 13,500. மெசேஜ் ஒன்றுகூட வரவில்லை. காலையில் உரக்கடையில் பணம் அனுப்பப் போய்த்தான் தெரிந்தது. 63,500 ரூபாய்.

தங்கச்சி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் செட்டிங்ஸில் ஆப் பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தான். பெயரும் இல்லாமல் படமும் இல்லாமல் ஒரு வரி வெறுமையாக உட்கார்ந்திருந்தது. 'அன்இன்ஸ்டால்' மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அமுங்கவில்லை. கடைக்காரன் முகப்பிலிருந்து படத்தை எடுத்தானே தவிர ஆப்பை எடுக்கவில்லை. அது உள்ளே இருந்து நான் தட்டியதைப் பார்த்திருக்கிறது, ஓடிபி வந்ததும் படித்து அனுப்பிவிட்டு என் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறது. அவன் "எனக்குத் தெரியலை" என்று சொல்லியிருந்தால்கூட நான் பேங்க் ஆப்பைத் திறந்திருக்க மாட்டேன்.

கடைக்குப் போனால் முதலாளி கேட்கிறார்: "பில்லு இருக்கா? ஓடிபிய யாருக்காவது சொல்லியிருப்பிய." பக்கத்தில் இருந்த எங்கள் பேங்கின் வேறொரு கிளையில் "உங்க பிராஞ்சுக்குப் போங்க". எங்கள் பிராஞ்சில் "கஸ்டமர் கேர்ல சொல்லுங்க". கஸ்டமர் கேரில் பாட்டு. மேனேஜர் கடைசியாக, "ஓடிபி போட்டுத்தானே போயிருக்கு, அப்ப நீங்கதான் கொடுத்திருக்கணும்" என்றார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையில், தப்பு வாடிக்கையாளர் மேல் என்றால் அதை நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு என்று இருக்கிறது. மருமகன் போனில் எடுத்துக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்கினேன், அதற்கு அரை மணி நேரம்.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டதில் மட்டும் கொஞ்சம் பலன். கடைசியாகப் போன 13,500 ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். மீதி 50,000 போன இடம் தெரியவில்லை.

எப்படி நீக்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: சிம்மைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பேங்குக்கு வேறு போனிலிருந்து சொல்லி நெட் பேங்கிங், யூபிஐ இரண்டையும் நிறுத்துங்கள். போனை சேஃப் மோடில் (நாம் இன்ஸ்டால் செய்த ஆப்கள் ஓடாத நிலை) போட்டு, அந்த ஆப்புக்குக் கொடுத்த ஆக்சஸிபிலிட்டி (திரையைப் பார்க்கும் அனுமதி), டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும் அனுமதி) இரண்டையும் எடுத்தால்தான் அன்இன்ஸ்டால் அமுங்கும். அதற்குப் பிறகும் நாங்கள் போனில் உள்ளதை எல்லாம் அழிக்கிற ஃபேக்டரி ரீசெட் போட்டோம், போட்டோக்களை மட்டும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு. பாஸ்வேர்டை வேறு போனில் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930, உடனே. பத்திரிகையின் ஃபைல் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிந்தால் அது படமல்ல, ஆப்; தொடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீரவநல்லூரிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். என் நம்பரிலிருந்து அவருக்குப் பத்திரிகை வந்திருக்கிறதாம், வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார். என் பையன்கள் நாலாவதும் ஆறாவதும் படிக்கிறார்கள்.