குரூப் 4-க்கு வீட்டிலிருந்தே படிப்பு: பள்ளிப் புத்தகமா, கைடா, வீடியோவா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குத் தாமாகப் படிப்பவர்கள் முதலில் திணறுவது எதை வைத்துப் படிப்பது என்பதில்தான். ஒரு பக்கம் 6 முதல் 12 வரையிலான பள்ளிப் பாடநூல்கள், இன்னொரு பக்கம் தடித்த கைடு, கையில் ஓடிக்கொண்டே இருக்கும் வீடியோ வகுப்பு. மூன்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. வினாத்தாளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எது என்று பார்ப்பதே சரி.

மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100 வினா, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காதவருக்கு மற்ற பகுதி மதிப்பிடப்படாது.

தமிழ்ப் பகுதி: கைடு தோற்கும் இடம்

2025 தேர்விலிருந்து தமிழின் பாடத்திட்டமே வேறு. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15. அதற்கு முந்தைய கைடுகள் நூல், ஆசிரியர், அடைமொழி என்று பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கும். அவற்றை உருப்போட்டால் 15 வினாக்களுக்காக உழைப்பில் பாதி போய்விடும். பழைய கைடை அண்ணனோ அக்காவோ கொடுத்தாலும் தமிழுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாடநூலில் இதற்கான சரக்கு தயாராக இருக்கிறது. ஆனால் பலர் செய்யுளையும் உரைநடையையும் மட்டும் படித்துவிட்டு இயல் முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். இயலின் கடைசிப் பக்கங்கள்தாம் இப்போது பொன். ‘கலைச்சொல் அறிவோம்’ பகுதியை 6 முதல் 12 வரை ஒரே நோட்டில் எழுதிச் சேர்த்தால் 10 வினாக்களுக்கான அடித்தளம் அமைந்துவிடும். ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ இரண்டும் எழுதும் திறனுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயிற்சி. இலக்கணத்தை வகுப்பு வாரியாகப் படிக்காமல் தலைப்பு வாரியாகப் படியுங்கள். புணர்ச்சி என்றால் எல்லா வகுப்பிலும் உள்ள புணர்ச்சியையும் ஒரே வாரத்தில் முடிப்பது நல்லது. இந்தத் தலைப்பு வரிசைக்கு மட்டும் புதிய கைடின் பொருளடக்கம் உதவும்.

பொது அறிவு: பாடநூல் முதலில், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல

75-இல் அறிவியலுக்கும் புவியியலுக்கும் தலா 5தான். வரலாறு, இந்திய தேசிய இயக்கம் 10. அரசியலமைப்பு 15. பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. வீட்டில் படிப்பவர் ஆறாம் வகுப்பு அறிவியலில் தொடங்கி, இரண்டு மாதம் அங்கேயே செலவழித்து, கடைசி 40 வினாக்களுக்கு வரும்போது களைத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. வரிசையைத் திருப்புங்கள்: கடைசி இரண்டு அலகுகள், அரசியலமைப்பு, வரலாறு, பிறகு மற்றவை.

பாடநூலுக்கும் ஒரு குறை உண்டு. 2019-இல் அச்சான பிரதியில், மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியர் இருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று இருக்கும். 104-ஆம் திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அது போயிற்று. யூனியன் பிரதேசங்கள் இப்போது 8, தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 38. கைடுகளிலும் பழைய எண்கள் பதிப்புக்குப் பதிப்பு அப்படியே நகர்ந்து வரும். எண், திருத்தம், சட்டப் பெயர் ஆகிய மூன்றையும் பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் திட்டங்களுக்குப் பாடநூல் மட்டும் போதாது. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளை இலவசமாகவே தரவிறக்கலாம்.

திறனறிவு: இங்கே கைடுக்கும் வீடியோவுக்கும் இடம் உண்டு

திறனறிவில் கணக்கு 15, காரணவியல் 10. பாடநூல் முறை நீளமானது; ஒரு வினாவுக்குச் சராசரியாக 54 நொடிதான் கிடைக்கும். 8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் 2 ஆண்டுக்கான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால், அசலை வட்டி வீதத்தின் வர்க்கத்தால் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் போதும்: 20 ரூபாய். இத்தகைய குறுக்குவழியை வீடியோ நன்றாகவே சொல்லித்தரும். ஆனால் அது ஆண்டுக்கொருமுறை வட்டி சேரும் கணக்குக்கு, அதுவும் 2 ஆண்டுக்கு மட்டும். அதே தொகைக்கு 1 ஆண்டு, வட்டி அரையாண்டுக்கொருமுறை சேரும் என்று வினா மாறினால், 2.5 சதவீதத்தில் 2 தவணை. வித்தியாசம் 5 ரூபாய். ஏன் என்று தெரியாமல் சூத்திரத்தை மட்டும் பிடித்தவர் இங்கே தவறுவார். எனவே பாடநூலில் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் குறுக்குவழிக்குப் போங்கள். நாளுக்கு 10 கணக்கு, விடுமுறை இல்லாமல்.

வீடியோவை வேறு பாடங்களுக்கு நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் பார்த்ததும் எல்லாம் புரிந்த நிறைவு வரும். மறுநாள் காலையில் வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள், ஐந்து வரிகூட வராது. பாடநூலில் புரியாத ஒரு தலைப்பு இருந்தால், அந்தத் தலைப்பை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

முந்தைய வினாத்தாளா, மாதிரித் தேர்வா?

முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே உள்ளன. முதலில் அவை. தனியார் மாதிரித் தேர்வுகளில் வினாவோ விடையோ தவறாக இருந்தால், தனியாகப் படிப்பவருக்கு அதைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. தவறே மனத்தில் பதிந்துவிடும். மாதிரித் தேர்வைக் கடைசி ஆறு வாரத்தில் வேகத்துக்காக மட்டும் எழுதுங்கள்.

எழுதும்போது ஓ.எம்.ஆர். தாளின் நகலில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவால், வட்டம் நிரப்பியே பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு இல்லை. ஆகவே இரண்டு விடைகளுக்குள் வந்துவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விடை தெரியவில்லை என்பதற்கான ‘E’ வட்டம் ஐந்தாவதாக இருக்கிறது. எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் நிரப்பிய வட்டங்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.